ஓர் இலத்திரனுக்கு யார் செலவழிப்பது?

வெள்ளவத்தையில் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ரீச்சரிடம் அயன்கள் (இலத்திரனை இழந்தோ பெற்றோ மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) பற்றிக் கேட்டவையும், அவர் தந்த பதில்களும்.

கொட்டாஞ்சேனை மாணவன்: சோடியம் ஓர் இலத்திரனை இழக்கிறது. இழந்தால் கழித்தல்தானே ரீச்சர்? நேரேற்றம் எப்படி வரும்?

இழந்தது எதை என்று பாருங்கோ தம்பி. இலத்திரனே மறையேற்றம் உள்ளது. நேரேற்றமுள்ள புரோத்தன் 11, இலத்திரன் 11 இருந்த இடத்தில் இப்போது 11க்கு 10. கடனில் கொஞ்சம் கழிந்தால் கைக்கணக்கு கூடும்தானே, அதுபோல. புரோத்தனோ கருவை விட்டு அசையாது. எந்த இரசாயனத் தாக்கத்துக்கும் அது எட்டாது.

பம்பலப்பிட்டி மாணவி: சோடியம் அந்த இலத்திரனை விரும்பிக் கொடுக்கும் என்று ரியூசனில் சொன்னார்கள். சரியா?

இந்த ‘விரும்பி’யோடு எனக்குப் பல வருடச் சண்டை. ஒரு மூல் (அணுக்களை எண்ண நாங்கள் வைத்திருக்கும் பெரிய அளவு) சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கோர் இலத்திரனைப் பிடுங்க 496 கிலோயூல் சக்தி வேண்டும். குளோரீன் அணுக்கள் அவற்றை வாங்கும்போது திரும்பி வருவது 349தான். இதுவரை 147 கிலோயூல் நட்டம்! இதோடு நின்றால் உப்பே உண்டாகாது. ஆனால் நேர் அயனும் மறை அயனும் ஒன்றையொன்று இழுத்துப் பளிங்காக அடுக்கப்படும்போது 780க்கு மேல் வெளிவருகிறது. சோடியத்தை ஆவியாக்கிய செலவு, குளோரீன் மூலக்கூறைப் பிரித்த செலவு எல்லாம் போக 411 மிச்சம். செலவழித்தது பளிங்குதான் பிள்ளை, சோடியத்தின் ஆசை அல்ல.

அப்படியென்றால் இரண்டாவது இலத்திரனையும் எடுக்கலாமே என்பீர்கள். அது கருவுக்குக் கிட்டிய உள் ஓட்டில் இருக்கிறது, விலை 4562. எந்தப் பளிங்காலும் கட்டாது. மகனீசியத்துக்கு இரண்டாவது 1451, உள் ஓட்டிலுள்ள மூன்றாவது 7733. அதனால் அது இரண்டோடு நிற்கும்.

வெள்ளவத்தை அம்மா ஒருவர்: உப்பு தண்ணீரில் கரைந்த பிறகுதானே அயனாகிறது?

இல்லை அம்மா, உங்கள் உப்புப் போத்தலுக்குள்ளேயே அயன்கள்தான். தண்ணீர் அவற்றைப் பிரித்து நடமாட விடுகிறது, அவ்வளவுதான். 1834இல் விஞ்ஞானி பரடே பயன்படுத்திய அயன் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் ‘போவது’ என்றுதான் பொருள். ஐதரசன் குளோரைட்டு வாயு வேறு கதை. அது உண்மையிலேயே தண்ணீரில்தான் அயனாகும்.

அதே அம்மா: கடற்கரைப் பக்க பல்கனிக் கம்பி மட்டும் ஏன் இப்படிக் கறள் பிடிக்கிறது?

பெயின்ற் வெடித்த இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பிசுபிசுவென்று ஈரம் இருக்கும். அங்கே இரும்பு அணு இரண்டு இலத்திரனை விட்டு அயனாகித் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்த இலத்திரன்கள் கம்பி வழியே போய், துளியின் ஓரத்தில் ஒட்சிசனிடம் சேரும். காற்றில் வந்த உப்பு, துளியை நன்றாக மின் கடத்தவைத்து வேலையை விரைவாக்குகிறது. கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள்.

இன்னொருவர்: உப்புப் போட்ட சோறு பொங்கி அடுப்பில் வழிந்தால் சுவாலை மஞ்சளாகிறதே, அதுவும் அயனாக்கமா?

இல்லை. சுவாலையின் சூட்டில் உண்டான சோடியம் அணுவின் வெளி இலத்திரன் ஒரு படி ஏறி, திரும்ப விழும்போது வரும் 589 நனோமீற்றர் மஞ்சள் அது. அயனிடம் அந்த இலத்திரனே இல்லை. உப்புத்தண்ணீருக்கு நிறமில்லையே!