க்னூபிளொட்டில் வரைபடம் வெறுமையாகவோ கிறுக்கலாகவோ வந்தால் எங்கே தேடுவது?

லினக்ஸில், எண்களை வரைபடமாக்கும் க்னூபிளொட் என்ற புரோகிராமைப் போட்டு, எக்ஸெலில் இருந்து எடுத்த மழைத் தரவை வரையப் பார்த்தால் ஒருமுறை ஒன்றுமே வரவில்லை, இன்னொருமுறை கோடெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது, புரோகிராமில் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுது அதில் இருக்க வாய்ப்புக் குறைவு தம்பி. 1986இல் தொடங்கிய புரோகிராம் அது (பெயரைப் பார்த்து க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பிள்ளை என்று நினைக்க வேண்டாம், சம்பந்தமில்லை). ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கொடுத்ததைத் தனக்கு விளங்கினபடி வாசித்துவிட்டு, பாதி நேரம் வாயே திறக்காமல் வரைந்து தந்துவிடும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் வட்டக்கச்சியில். கிணற்றுத் தண்ணீரை அளந்து எழுதி வைப்பது அப்பாவின் பழக்கம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்றுக் கட்டின் விளிம்பில் இருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று கொப்பியில் திகதியோடு எழுதுவார். மூன்று வருடக் கணக்கு. தங்கச்சி அதை எக்ஸெலில் அடித்து, கொமா போட்ட சிஎஸ்வி கோப்பாகத் தந்தாள். நான் வரையச் சொன்னேன். "ஸ்கிப்பிங் டேட்டா ஃபைல் வித் நோ வேலிட் பொயின்ட்ஸ்" என்று ஒரு வரி (செல்லுபடியாகும் புள்ளி ஒன்றும் இல்லை, கோப்பை விட்டுவிடுகிறேன் என்று அர்த்தம்), படம் இல்லை. உங்களுடைய முதல் பிரச்சினையும் அநேகமாக இதுதான். சொல்லாவிட்டால் க்னூபிளொட் இடைவெளியைத்தான் பத்திகளின் எல்லையாக எடுக்கும், கொமாவை அல்ல. அதனால் முழு வரியும் அதற்கு ஒரே பத்தி, இரண்டாம் பத்தி என்று ஒன்று கிடையாது. செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர் என்று எழுதி மேற்கோள் குறிக்குள் ஒரு கொமா போட்டால் சரி.

அப்புறம் வந்ததுதான் கிறுக்கல். திகதியை எக்ஸ் அச்சில் போட செட் எக்ஸ்டேட்டா டைம் கொடுத்து, செட் டைம்ஃபொர்மட் என்று நினைத்ததை டைம்எஃப்எம்டி என்று திருத்தி, நாள், மாதம், வருடம் என்று எழுதினேன். படம் வந்தது, ஆனால் மூன்று வருடமும் ஒன்றின் மேல் ஒன்றாக, கோடு டிசம்பரில் இருந்து திரும்ப ஜனவரிக்கு ஓடி ஓடி, கோழி கிளறின மண் மாதிரி. அச்சைப் பார்த்தால் எல்லாம் 2020! எங்கள் கொப்பியில் 2020 என்று ஒரு நாள்கூட இல்லை. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது இதற்கு. விஷயம் என்னவென்றால் வருடத்துக்கு நான் சிறிய ஒய் போட்டிருந்தேன். சிறிய ஒய் என்றால் இரண்டே இலக்கம். 2023இல் முதல் இரண்டு இலக்கமான 20ஐ எடுத்து அதை 2020 என்று வைத்துக்கொண்டு, மிச்ச 23ஐத் திரும்பியும் பார்க்காது. நான்கு இலக்க வருடத்துக்குப் பெரிய ஒய்தான். இன்னொன்று, நேர அச்சு என்றால் யூசிங் 1:2 என்று பத்திகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதற்காவது வாய் திறந்து திட்டும்.

கோடு இடையிடையே அறுந்தால் கோப்பில் வெற்று வரி இருக்கிறதா என்று பாருங்கள். தங்கச்சி மாதத்துக்கு மாதம் அழகுக்காக ஒரு வரி விட்டிருந்தாள். ஒரு வெற்று வரி கோட்டை அறுக்கும், இரண்டு அடுத்தடுத்து வந்தால் அதற்குப் பிறகு வருவது புதிய தரவுத் தொகுதி.

நான் இன்றைக்கும் நொந்துகொள்வது அங்குல விஷயத்தில். அடியோடு அங்குலத்தைச் சேர்க்க, இரண்டாம் பத்தி கூட்டல் 1/12 பெருக்கல் மூன்றாம் பத்தி என்று எழுதினேன். 18 அடி 9 அங்குலம் 18.75 ஆக வரவேண்டும். வந்தது 18. கோடு வழுக்கி இறங்காமல் படிக்கட்டு மாதிரி இறங்கியது, அப்பாதான் அங்குலத்தைச் சரியாக அளக்கவில்லையாக்கும் என்று அவரையே சந்தேகப்பட்டேன். க்னூபிளொட்டுக்கு 1ம் 12ம் முழு எண்கள், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தை எறிந்துவிடும், ஆக 1/12 பூச்சியம். 1.0/12 என்று எழுதுங்கள். கோப்பில் இருந்து வரும் எண்களைத் தசமமாகத்தான் வாசிக்கிறது, அதனால் மூன்றாம் பத்தியை நேரே 12ஆல் வகுத்திருந்தாலும் தப்பியிருப்பேன்.

இதைக் கடைசியில் எப்படிப் பிடித்தேன் என்றால், செட் டேபிள் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல வரையச் சொன்னால், வரையாமல் தான் வரையப்போகும் எண்களை அப்படியே எழுதிக் காட்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எழுத்து, ஐ என்றால் புள்ளி படத்துக்குள், ஓ என்றால் எல்லைக்கு வெளியே, யூ என்றால் அதற்கு மதிப்பே இல்லை. முடிந்ததும் அன்செட் டேபிள். வேறு எதைச் செய்வதற்கு முதலும் இதைச் செய்யுங்கள். தரவின் சுருக்கக் கணக்கைக் காட்டும் ஸ்டாட்ஸ் என்ற கட்டளையையும் சிலர் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் நேர அச்சைப் போட்டு வைத்திருக்கும்போது அது மறுத்துவிடும்.

படத்தைப் பிஎன்ஜி கோப்பில் எடுக்கும்போது கோப்பு பூச்சியம் பைட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம், அன்செட் அவுட்புட் கொடுத்தால்தான் முழுதாக எழுதி மூடும். ஜன்னல் மின்னி மறைந்தால் தொடங்கும்போது பெர்சிஸ்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் தலைப்பு வைப்பதென்றால் சாதாரண பிஎன்ஜி டெர்மினல் வேண்டாம் (படம் எந்த வடிவில் வெளியே வரவேண்டும் என்பதை க்னூபிளொட் டெர்மினல் என்கிறது), "பெய்த மழை" என்பதில் கொம்பைத் தூக்கிப் பகரத்துக்குப் பின்னால் வைத்துவிடும்; பிஎன்ஜிகெய்ரோ என்ற டெர்மினலும் ஒரு தமிழ் எழுத்துருவும் போதும்.

எல்லாம் சரியாகி அப்பாவிடம் காட்டினால், "தண்ணி வத்த வத்தக் கோடு ஏன் மேல போகுது?" என்றார். ஆழம் கூடினால் எண் கூடும் அல்லவா. ஒய் அச்சின் எல்லையை 30இல் தொடங்கி 0இல் முடித்தேன், தலைகீழானது. அதற்குப் பிறகும் மே மாதத்தில், கோடையில், ஒரு மேடு நின்றது. மழை இல்லாத நேரம் கிணறு ஏறுமா, இதுவும் க்னூபிளொட்டின் வேலைதான் என்று திரும்பவும் செட் டேபிள் போட்டேன், எண்கள் கொப்பியில் உள்ளபடியே இருந்தன. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அது சிறுபோக நெல்லுக்கு இரணைமடு வாய்க்கால் திறந்தது" என்றார்.