விஸ்லர் கோடை: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் பைக் பார்க் (லிப்டில் மேலேறி, மலைச் சைக்கிளில் இறங்கும் இடம்) மே நடுவில் திறந்து அக்டோபர் வரை ஓடும். மலைச் சைக்கிள் பருவத்தை ஒட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறோம்.

ஜூலையில் நான்கு நாள் விஸ்லர் போகிறோம். என்னிடம் முன்பக்கம் மட்டும் 100 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் இருக்கிறது. டொராண்டோ டான் வேலியில் அதைத்தான் ஓட்டுகிறேன். அதையே கொண்டுபோகவா, பழைய டவுன்ஹில் சைக்கிள் ஒன்று வாங்கவா? (ஸ்கார்பரோ)

புதிதாக வாங்க வேண்டாம், இருப்பதைச் சுமந்துகொண்டும் போக வேண்டாம். நான்கு நாளுக்கு வாடகையே சரி.

டான் வேலிக்கு உங்கள் சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. அங்கே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், பிரேக் ஆறிக்கொள்ளும். பைக் பார்க்கில் ஏற்றத்தை லிப்ட் பார்த்துக்கொள்கிறது. உங்களுக்கு நாள் முழுக்க இறக்கம்தான். 100 மி.மீ. சைக்கிளில் பெரும்பாலும் 160 மி.மீ. ரோட்டாரும் (பிரேக் பிடிக்கும் தட்டு) இரண்டு பிஸ்டன் பிரேக்கும்தான் இருக்கும். அந்தச் சூட்டை அவை தாங்காது. இன்னொன்று, திருப்பத்துக்கு முன் எல்லோரும் பிரேக் அடித்து அடித்து மண் அலை அலையாக மேடிட்டிருக்கும். பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் அதில் துள்ளிப் பிடிமானம் இழக்கும். மதியத்துக்குள் முன்கை கல்லாக இறுகி, பிரேக் பிடியை விரல் இழுக்காது.

பார்க்குக்குள் மட்டுமே ஓட்டுவதானால் 200 மி.மீ. டவுன்ஹில் சைக்கிள் எடுங்கள். புதியவர் செய்யும் பிழைகளைப் பொறுத்துக்கொள்வது அதுதான். ஒரு நாளாவது பள்ளத்தாக்குப் பாதைகளில் மிதித்து ஏற ஆசை என்றால் ஏறவும் இறங்கவும் ஏற்ற 160–170 மி.மீ. எண்டூரோ சைக்கிள் நல்லது.

கடையில் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலாவது, கவசமெல்லாம் அணிந்த எடையைச் சொல்லி, அதற்கேற்ப ஷாக்கை (பின்பக்க சஸ்பென்ஷனை) அமைக்கச் சொல்லுங்கள். காற்று ஷாக் என்றால், நீங்கள் சைக்கிள் மேல் ஏறி நின்றதும் அதன் ஓட்டத்தில் (அது அமிழக்கூடிய முழுத் தூரத்தில்) 25–30 சதவீதம் அமிழ வேண்டும், 60 மி.மீ. ஓட்டம் உள்ள ஷாக்கில் அதன் தண்டிலுள்ள ரப்பர் வளையம் 15 முதல் 18 மி.மீ. நகர்ந்திருக்கும். ஸ்பிரிங் ஷாக் என்றால் உங்கள் எடைக்கான ஸ்பிரிங்கை மாட்டச் சொல்லுங்கள். இரண்டாவது பிரேக். கனடாவில் சைக்கிளின் இடக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு, வலக்கைப் பிடி பின்சக்கரத்துக்கு. ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலக்கைதான் முன் பிரேக். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். முடியாது என்றால் சமதரையில் கால் மணி நேரமாவது பழகிவிட்டு லிப்டுக்குப் போங்கள். மூன்றாவது, ரிம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வழவழப்பான கால்கள், பின் டெரெயிலர் (கியர் மாற்றும் கருவி) எல்லாவற்றையும் கடை வாசலிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது தகராறு வருவது இந்த மூன்று இடங்களில்தான். சேதக் காப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டால், ரிம் நசுங்குவதும் டெரெயிலர் உடைவதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள்.

சீசன் பாஸ் வாங்கினால் மிச்சமா? முதல் நாள் எந்தப் பாதையில் இறங்குவது? (சர்ரே)

பாஸ் விலையை ஒரு நாள் டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கையைவிட அதிக நாள் நிச்சயம் போவீர்கள் என்றால்தான் பாஸ் லாபம். மே மாதத்தில் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிக்கொள்வது எல்லோருக்கும் உள்ள வழக்கம். மழை, வேலை, அடிபட்ட மணிக்கட்டு எல்லாவற்றையும் கழித்து எண்ணுங்கள். மலையின் மேற்பகுதி பனி உருகிய பிறகே திறக்கும். உச்சியிலிருந்து இறங்கும் ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ பாதைக்குத் தனி டிக்கெட். அதற்காகவே போகிறவர் ஜூனில் போய் ஏமாற வேண்டாம்.

பாதைக் குறிகளில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் நிபுணருக்கு. ‘ஈஸி டஸ் இட்’ பச்சையில் இரண்டு மூன்று சுற்று இறங்கி, பிறகு ‘பி-லைன்’, அதன்பின் ‘கிராங்க் இட் அப்’. புகழ்பெற்ற ‘ஏ-லைன்’ வழவழப்பாகத் தெரிந்தாலும் கறுப்பு வைரம். அங்கே தாவல்கள் வேகத்தை நம்பிக் கட்டப்பட்டவை. பயந்து பிரேக் பிடித்தால் மறுபக்கச் சரிவை எட்டாமல் தட்டையான மேட்டில் விழுவீர்கள்.

முகம் மூடிய ஹெல்மெட் 150 டாலருக்கும் இருக்கிறது, 500-க்கும் இருக்கிறது. பழையது 60 டாலருக்குக் கிடைக்கிறது. எதை எடுப்பது? (பிராம்டன்)

பழையதை வேண்டவே வேண்டாம். ஹெல்மெட்டின் உள் நுரை ஒரு முறை நசுங்கினால் மீளாது. மேலோட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கும். விற்பவர் பொய் சொல்லாவிட்டாலும், அது கார் டிக்கியில் எப்படி உருண்டது என்று அவருக்கே தெரியாது.

புதியதில் லேபிளைப் பாருங்கள். டவுன்ஹில் ஓட்டத்துக்கான தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952. தாடைப் பகுதியின் வலுவையும் சோதிக்கும் தரம் அது. சி.பி.எஸ்.சி., இ.என். 1078 என்று மட்டும் இருந்தால் அது சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டின் தரம். 1952 தரம் பெற்ற 150 டாலர் ஹெல்மெட் உங்கள் தலைக்குப் பொருந்தினால், பொருந்தாத 500 டாலர் ஹெல்மெட்டைவிட அதுவே மேல். கூடுதல் விலை பெரும்பாலும் எடைக்கும் காற்றோட்டத்துக்கும். ஜூலை வெயிலில் அதற்கும் மதிப்பு உண்டுதான், ஆனால் கையில் பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

பொருத்தம் பார்க்க: கன்னப் பஞ்சு கன்னத்தை அழுத்த வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலம் திருப்பினால் முகத் தோலும் கூடவே திரும்ப வேண்டும். பட்டையை மாட்டிவிட்டுப் பின்விளிம்பை மேலே தள்ளுங்கள். கண்ணை மறைக்குமளவு முன்னால் கவிழ்ந்தால் பெரிய அளவு. புதிதில் சற்று இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், பஞ்சு பிறகு அமிழும். மிச்சப் பணத்தில் முழங்கால் கவசமும் முழுவிரல் கையுறையும் வாங்குங்கள்.

மதியத்துக்குப் பிறகு பிரேக் பிடி ஹாண்டில்பார் வரை வந்துவிடுகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. பேட் மாற்றினால் போதுமா? (பர்னபி)

போதாது. பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் காசு வீணாகிறது.

பிடி கெட்டியாக இருந்தும் சக்கரம் நிற்கவில்லை என்றால் கோளாறு பேடில் (ரோட்டாரை அழுத்தும் உராய்வுக் கட்டை) அல்லது ரோட்டாரில். பேட் சூடேறி மேற்பரப்பு கண்ணாடிபோல ஆகியிருக்கும், அல்லது எண்ணெய் பட்டிருக்கும். சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெய் ரோட்டாரில் தெறிப்பது அடிக்கடி நடக்கிறது. பிடியே இளகி உள்ளே போகிறதென்றால் கோளாறு திரவத்தில். உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பழைய திரவம் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகிறது. காற்றையும் ஆவியையும் நசுக்க முடியும், திரவத்தை முடியாது. உங்கள் விரலின் விசை குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. இரவில் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிறது, காலையில் பிடி பழையபடி. உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

செய்ய வேண்டியது ‘பிளீட்’: பழைய திரவத்தை வெளியேற்றிக் காற்றில்லாமல் புதியதை நிரப்புவது. ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். எஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் 5.1 என்ற பிரேக் திரவம்; மேவன் போன்ற சிலவற்றுக்கு மினரல் ஆயில். பிடியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக்கையே மாற்ற வேண்டி வரும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். அதனால் பார்க்கில் ஓட்டுபவர் பருவத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

பேடையும் அளந்துவிடுங்கள். ஷிமானோவில் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்தால் முடிந்தது. எஸ்ராமில் தகட்டோடு சேர்த்து 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஷிமானோ ரோட்டார் 1.5 மி.மீ. ஆகிவிட்டால் அதையும் மாற்றுங்கள். நீண்ட இறக்கத்துக்கு உலோகக் கலவை பேட் ஏற்றது. ஆர்கானிக் பேட் அமைதியானது, ஆனால் மழைச் சேற்றில் ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும். பையில் எப்போதும் ஒரு ஜோடி இருக்கட்டும்.

புதிய பேடை மாட்டியதும் நேராக லிப்டுக்குப் போகாதீர்கள். சமதரையில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை அழுத்திப் பிடித்து விடுங்கள், சுமார் 20 முறை. இன்னும் வேகமாக ஒரு 10 முறை. சக்கரம் பூட்டவும் கூடாது, முழுக்க நிற்கவும் கூடாது. நின்றால் பேடின் படலம் ரோட்டாரில் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு பிடிக்கும்போதெல்லாம் அதிரும்.

கடைசியாக ஓட்டும் விதம். இறக்கம் முழுக்கப் பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டே வருவதுதான் அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. திருப்பத்துக்கு முன் ஒரு விரலால் அழுத்தமாகப் பிடியுங்கள், திருப்பத்துக்குள் விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் அந்தச் சில நொடியில் ரோட்டார் ஆறுகிறது.

நாளுக்கு ஒரு பஞ்சர். விலை உயர்ந்த டயர்தான் போட்டிருக்கிறேன். ஏன்? (ஹாமில்டன்)

விலையைப் பார்த்தீர்கள், டயரின் சுவர்த் தடிமனைப் பார்க்கவில்லை. ஒரே பெயரில் ஒரே டயர் பல தடிமனில் வருகிறது. மாக்சிஸ் நிறுவன டயர்களில் எக்ஸோ மெல்லியது, டபுள்டவுன் நடுத்தரம், டி.எச். கனமானது. பார்க்குக்குப் பின்சக்கரத்தில் டபுள்டவுன் அல்லது டி.எச். வேண்டும், ஏற லிப்ட் இருக்கும்போது எடை ஒரு பொருட்டல்ல.

ஓட்டை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு, கல்லில் மோதி ரிம் கடித்திருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் ஒரே கிழிசல் என்றால் சுவர் மெல்லியது. டியூப்லெஸ் டயரில் திருப்பத்தில் ‘புஸ்’ என்று காற்று போய் டயர் தளர்ந்தால், அதுவும் காற்று குறைவினால்தான். 75 கிலோ எடையுள்ளவர் முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, ஒவ்வொரு புள்ளியாக மாற்றிப் பார்க்கலாம். பம்பின் முள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாகக் காட்டாது. தனி டிஜிட்டல் அளவி வாங்குங்கள். டியூப்லெஸ் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஒரு டயருக்கு 100–120 மி.லி.; கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கினால் சளக் சளக் என்ற ஓசை கேட்க வேண்டும்.

இரண்டு பருவம் ஓட்டிய எண்டூரோ சைக்கிள் 2,800 டாலருக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (வான்கூவர்)

முதலில் சீரியல் எண். பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேம்) அடிப்புறத்தில் பொறித்திருக்கும். கனடியப் போலீஸ் தகவல் மையத்தின் இணையத் தேடலிலும் ‘புராஜெக்ட் 529’ என்ற சைக்கிள் பதிவிலும் அதைப் போட்டுப் பாருங்கள். ரசீதும் கேளுங்கள். ரசீது இருந்தாலும், பல நிறுவனங்கள் ஃபிரேமுக்குத் தரும் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. உங்களுக்கு மாறாது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

சேறோடு இருக்கும் சைக்கிளைப் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள், கழுவி வைக்கச் சொல்லுங்கள். கைவிளக்கு அடித்து, முன்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றி, பின் இணைப்புகளின் ஓரம் ஆகியவற்றில் மயிரிழைக் கோடு தேடுங்கள். பெயின்டில் மெல்லிய நேர்க்கோடு தெரிந்தால் விரிசலாக இருக்கலாம். அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். கார்பன் என்றால் கீழ்க்குழாயின் அடியில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்ற ஓசை ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே அடி பட்டிருக்கலாம்.

சீட்டைப் பிடித்துப் பின்பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். சக்கரம் தரையை விடுமுன் ‘டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால் ஷாக் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது இணைப்பு பேரிங். புஷ் சில்லறைச் செலவு. எல்லா பேரிங்கும் மாற்றுவதென்றால் கூலியும் சேர்த்துப் பெரிய தொகை. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து முன்பின் ஆட்டும்போது ஃபோர்க்கின் தலைப்பகுதியில் கிறீச்சிட்டால் பிரஸ் செய்த குழாய்கள் தளர்ந்திருக்கின்றன; அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும், பல நூறு டாலர். ஃபோர்க் கால்களில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும்.

ஃபோர்க் சர்வீஸ் எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள். ராக்ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால் சர்வீஸ் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை. பார்க்கில் ஒரு மாதத்திலேயே அந்த 50 மணி ஓடிவிடும். “இதுவரை தேவையே படவில்லை” என்று பதில் வந்தால், ஃபோர்க், ஷாக் இரண்டின் சர்வீஸ் செலவையும் விலையில் கழியுங்கள். சங்கிலி அளவியில் 0.5 சதவீதம் தாண்டியிருந்தால் சங்கிலியையும், சங்கிலி பல்சக்கரத்தில் நழுவினால் கேசட்டையும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) கழியுங்கள்.

கடையில் புதியது வாங்குவதோடு ஒப்பிடும்போது வரியை மறக்காதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைக்கிளுக்கு மாகாண வரி இல்லை, 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும், ஒன்டாரியோவில் 13 சதவீத எச்.எஸ்.டி.

மகனுக்கு 13 வயது. பார்க்கில் பொறுப்புத் துறப்புப் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்திட வேண்டுமாம். அதன் பொருள் என்ன? (மார்க்கம்)

அடிபட்டால் பார்க் மீது வழக்குப் போட மாட்டோம் என்று பெரியவர்கள் தங்களுக்காகப் போடும் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் அல்ல. 2018-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், புளூ மவுன்டன் சறுக்கு மலையை ஒட்டிய வழக்கில் அத்தகைய பத்திரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் நிலை வேறு: பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிள்ளையின் வழக்குரிமையைப் பெற்றோர் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்த மாகாண உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னது. இருந்தாலும் வழக்கை நம்பிப் போகிறவர் யாருமில்லை. பயணக் காப்பீட்டில் ‘டவுன்ஹில் சைக்கிள்’ விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்டாரியோ மருத்துவ அட்டை வெளி மாகாண ஆம்புலன்ஸுக்கு உதவாது. அங்கே வசிக்காதவருக்கு அந்தக் கட்டணம் பல மடங்கு. ஊரிலிருந்து விருந்தினராக வந்த உறவுப் பிள்ளை கூட வந்தால் இது இன்னும் முக்கியம்.

மின்சார மலைச் சைக்கிளை விமானத்தில் வான்கூவர் கொண்டுபோகலாமா? (அஜாக்ஸ்)

பாட்டரியோடு முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரிக்கு இடமில்லை. இத்தகைய சைக்கிள்களின் பாட்டரி பெரும்பாலும் 500-க்கு மேல். பாட்டரியைக் கழற்றிவிட்டு, சட்டத்தை மட்டும் பெட்டியில் அனுப்பி, அங்கே அதே மாதிரிக்கான பாட்டரியை வாடகைக்குத் தேடுவது வீண் அலைச்சல். சைக்கிளையே அங்கே எடுங்கள். எந்தப் பாதையில், எந்த லிப்டில் மின்சாரச் சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்று பணம் கட்டும் முன் பார்க்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.