எட்டுக் கால் சிப்பும் ஒரு கவ்வியும்

கேள்வி: பழைய திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் பயாஸை எடுத்துவிட்டுக் ‘கோர்பூட்’ போட்டால் கணினி பறக்கும் என்கிறான் அண்ணன் மகன். போடலாமா? கெட்டுப்போனால் என்ன செய்வது?
— தேனி வாசகர்

பதில்: பறக்காது. பயாஸ் என்பது சுவிட்சைத் தட்டியதும் கணினியை எழுப்பிவிடும் நிரல். கோர்பூட் அதற்குப் பதிலாகப் போடும், யாரும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த மூல நிரல். சுவிட்சைத் தட்டியதிலிருந்து லினக்ஸோ விண்டோஸோ எழும் வரைக்கும் சில விநாடிகள் மிச்சமாகும். அதற்குப் பிறகு அதே பிராசசர், அதே ராம். வேகம்தான் வேண்டுமென்றால் எஸ்எஸ்டி போடுங்கள். நான் சொன்னதாகவே அண்ணன் மகனிடம் சொல்லுங்கள்.

ஆனால் வேறு காரணத்துக்காகப் போடலாம். கணினி கண் விழிக்கும்போது ராம்கூட வேலை செய்யாது. பிராசசர் தனக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு, போர்டிலுள்ள ஃபிளாஷ் சிப்பில் எழுதியிருப்பதைச் செய்யத் தொடங்கும், ராமைப் பதப்படுத்தி எழுப்பும், மற்றதெல்லாம் பிறகுதான். கம்பெனி பயாஸில் இது எப்படி நடக்கிறது என்று நமக்குக் காட்டுவதில்லை. கோர்பூட்டில், எக்ஸ்230-இன் ராமை எழுப்பும் நிரல்கூட எழுத்துக்கு எழுத்து படிக்கக் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் கோர்பூட் ஒதுங்கிக்கொள்ளும். லினக்ஸையோ விண்டோஸையோ ஏற்றிவிடும் சீபயாஸ், கிரப் போன்ற அடுத்த நிரல் ஒன்று பொறுப்பை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் ‘பேலோட்’.

அதற்காக எல்லாமே திறந்த மூலம் என்று நம்பிவிடாதீர்கள். பிராசசருக்குத் தெரியாமல் தனியாக ஓடும், உள்ளே என்ன இருக்கிறது என்று இன்டெல் காட்டாத மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற பூட்டிய பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் நிரலை ஃபிளாஷ் சிப்பிலிருந்து ஒட்டுமொத்தமாக வழித்தெறிந்தால் எக்ஸ்230 சுமார் 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். இளைக்க வைக்கலாம், கொல்ல முடியாது.

இனி, கெட்டுப்போகும் கதை. அது என்னுடைய கதைதான். எக்ஸ்230-இல் கைவைக்கும் பலகையைக் கழற்றி, கறுப்பு பிளாஸ்டிக் தாளைத் தூக்கினால் எட்டுக் கால் சிப்புகள் இரண்டு தெரியும். ஒன்று 8 எம்பி, மற்றொன்று 4 எம்பி. பயாஸ் தொடங்கும் இடம் 4 எம்பி சிப். சிப்பைப் படிக்கவும் எழுதவும் ‘புரோகிராமர்’ என்ற சிறு கருவி வேண்டும். அதன் கம்பிகளைச் சிப்பின் கால்களில் பிடித்துவைப்பது கவ்வி. நான் அவசரத்தில் கவ்வியை 8 எம்பி சிப்பில் மாட்டி, ‘அழி’ பொத்தானைத் தட்டிவிட்டேன். கவலைப்படவில்லை, முந்தைய நாளே நகல் எடுத்து வைத்திருந்தேன் அல்லவா? கோப்பைத் திறந்தால் தொடக்கம் முதல் கடைசி வரை எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். அதாவது, ஒன்றுமே இல்லை. நகல் எடுத்த அன்று கவ்வி சிப்பின் கால்களைத் தொடவே இல்லை. புரோகிராமருடன் வந்த மென்பொருளில் சிப்பின் பெயரை நானே தேர்ந்தெடுத்திருந்ததால், அது கேள்வி கேட்காமல் வெற்றிடத்தைப் படித்துக் கொடுத்திருக்கிறது.

பழுதுக்கு வந்திருந்த இன்னொரு எக்ஸ்230-இன் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, அதிலிருந்து நகல் எடுத்து ஏற்றினேன். கணினி எழுந்தது. ஆனால் இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் செருகியபோது இரண்டுமே விட்டுவிட்டு அறுந்தன. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி அந்த 8 எம்பி சிப்பில்தான் இருக்கிறது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடுகளை உண்டாக்கியிருந்தேன். என் கணினியின் பழைய முகவரி அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சாகியிருந்தது, பிழைத்தேன். ஆறு பைட்களை மாற்றினால் மட்டும் போதாது. அந்தப் பகுதியின் கூட்டுத்தொகை, ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கங்களாக வரும் ஹெக்ஸ் எண்ணில் ‘பிஏபிஏ’ (BABA) என்று வந்தாக வேண்டும். சரியாக வந்தபோது கடைப் பையன் “பாபா வந்துவிட்டார்!” என்று கத்தினான்.

ஆகவே, பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிப்பையும் இரண்டு முறை படித்து, கோப்புகள் அச்சாக ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றைத் திறந்து கண்ணாலும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர் போர்டு 3.3 வோல்ட் சிப்பின் தரவுக் கால்களில் 5 வோல்ட்டை விடும். அதைத் திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள். இருப்பதே அந்த ஒரு கணினிதான் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: கம்பெனிக்காரர்களே பயாஸ் தரும்போது, இன்னொன்றை மெனக்கெட்டு எதற்கு எழுதினார்கள்?
— திருநெல்வேலி வாசகி

பதில்: அழுத்த ஆள் இல்லாத ஒரு பொத்தானுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில், ரான் மின்னிச் ‘லினக்ஸ்பயாஸ்’ என்ற பெயரில் இதைத் தொடங்கினார். அங்கே சாதாரண கணினிகளை வரிசையாக அடுக்கி, ஒரே எந்திரம்போல் கணக்குப் போட வைத்தார்கள். பயாஸோ மேசையில் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டது. விசைப்பலகை இல்லையென்றால் நின்றுகொண்டு, ‘எஃப்1 விசையை அழுத்தவும்’ என்று அந்த இல்லாத விசைப்பலகையையே கேட்கும்! ஓர் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு கணினிக்கும் திரையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சிப்பிலிருந்தே லினக்ஸை எழுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். பிறகு லினக்ஸ் மட்டுமல்லாமல் வேறு பேலோட்களும் சேர்ந்தன. 2008-இல் பெயரும் கோர்பூட் ஆனது.

கேள்வி: மகளின் குரோம்புக்கில் கோர்பூட் போட முடியுமா?
— சேலம் வாசகர்

பதில்: அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது. மிக ஆரம்பக் கால மாடல்கள் சில நீங்கலாக, குரோம்புக்குகள் கோர்பூட்டுடன்தான் வருகின்றன. அதை மாற்றி எழுத முடியாதபடி ஒரு தடை உண்டு. பழைய மாடல்கள் பலவற்றில் அந்தத் தடை மதர்போர்டில் இருக்கும் ஒரே ஒரு திருகு. கழற்றித்தான் பார்ப்பேன் என்றால், மகளின் தேர்வுகள் முடியட்டும்.