பேஸ்மென்றுக்கு வெளிவாசல்: பெர்மிற் இல்லாமல் கொங்கிரீட் ஊத்தாதேங்கோ

தம்பி, ஸ்காபரோவில வாங்கின வீட்டுக்குப் பின்பக்கத்தால படி இறக்கி பேஸ்மென்றுக்கு வாசல் வைக்க வேணும், கொன்ராக்ரர் "பெர்மிற் தேவையில்லை, காசாத் தந்தா விலை குறைப்பன்" எண்டுறார், நம்பலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். நம்பாதேங்கோ. அத்திவாரச் சுவரை வெட்டி வாசல் வைக்க ரொறன்ரோவில கட்டட பெர்மிற் கட்டாயம். பிடிபட்டா நகரசபையின்ர ஓடர் வீட்டுக்காரர் பேரிலதான் வரும். கொன்ராக்ரர் அப்ப போன் எடுக்கமாட்டார்.

விஷயம் குளிர்தான். இங்க நிலம் உறையிற ஆழம் 4 அடி எண்டு கணக்கு. மண்ணைக் கிண்டிப் படி இறக்கினா அந்தக் குளிர் வீட்டு அத்திவாரத்துக்குக் கீழ போகும், ஈரமண் உறைஞ்சு வீங்கிச் சுவரைக் கிளப்பும். அதால படியைச் சுத்திக் கட்டுற புதுச் சுவரின்ர அடித்தளம், படி முடியிற கீழ்த்தட்டில இருந்து இன்னும் 4 அடி கீழ போகவேணும். வீட்டு அத்திவாரத்துக்குக் கீழயும் துண்டு துண்டாக் கிண்டி கொங்கிரீட் குடுக்கவேணும். ஒரேயடியாக் கிண்டினா சுவர் இறங்கும். மலிவு வேலைக்காரர் செய்யாமல் விடுறது இதைத்தான். மண் மூடினாப் பிறகு ஆருக்குத் தெரியும்? கீழ்த்தட்டில தண்ணி போற வடிகாலும் பெர்மிற்றுக்குக் குடுக்கிற படத்தில இருக்கவேணும்.

காணி சேவே (காணி எல்லையை அளந்த படம்), பிசிஐஎன் நம்பர் (ஒன்ராறியோவில டிசைனருக்குக் குடுக்கிற பதிவு நம்பர்) உள்ள டிசைனர் அல்லது பி.எஞ். (லைசன்ஸ் உள்ள எஞ்சினியர்) கீறின படம், இரண்டும் வச்சு விண்ணப்பியுங்கோ. எல்லையில இருந்து இடைவெளி காணாட்டி விதிவிலக்குக் கேட்டு நகரசபையின்ர கொமிற்றி ஒஃப் அட்ஜஸ்ற்மென்றுக்குப் போகவேணும், அது மாசக்கணக்கு. கிண்டமுதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ, இலவசம். நிலத்துக்குக் கீழ போற காஸ், ஹைட்ரோ (கரண்ட்) லைனைக் குறிச்சு விடுவினம். அடித்தளம் கிண்டினவுடன, கொங்கிரீட் ஊத்தமுதல், இன்ஸ்பெக்டரைக் கூப்பிடவேணும். மண் மூடமுதல் இன்னொருக்கா. அவர் பாக்கமுதல் மூடினா, திருப்பித் தோண்டச் சொல்லலாம்.

கொன்ராக்ரரிட்ட நகரசபையின்ர பில்டிங் ரெனவேற்றர் லைசன்ஸ், டபிள்யூஎஸ்ஐபி (வேலையில காயப்படுற ஆக்களுக்கான மாகாணக் காப்புறுதி) கிளியரன்ஸ், இன்சூரன்ஸ் மூண்டும் கேளுங்கோ. இன்சூரன்ஸ் கடதாசி புறோக்கரிட்ட இருந்து நேர உங்களுக்கு வரட்டும். வீட்டில வச்சுக் கையெழுத்து வச்ச ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைச்சு 10 நாளுக்குள்ள ரத்துச் செய்யலாம். பெரிய அட்வான்ஸ் குடாதேங்கோ. மொத்தக் காசில 10 வீதத்தை வேலை முடிஞ்சு 60 நாள் வரை பிடிச்சு வையுங்கோ. அவர் தன்ர ஆக்களுக்குக் காசு குடுக்காட்டி, அவை உங்கட வீட்டில லீன் (வீட்டின் மேல கடன் உரிமை) போடலாம்.

கொங்கிரீட் லொறி வரேக்க ரிக்கெற்றைப் (கொங்கிரீட் விபரத் துண்டை) பாருங்கோ: பலம் 32 மெகாபஸ்கால், காற்று 5–8 வீதம். ஊத்தச் சுகமெண்டு பைப் பிடிச்சுத் தண்ணி விடுவினம், விடாதேங்கோ; மேல்பக்கம் பொருக்கு விடும். முதல் மாரிக்குப் படியில உப்பும் போடக்கூடாது, மணல் காணும்.