சுற்றுலாவா, கணினியா எனத் தயங்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பருவநிலை மாற்றத்தால் தடுமாறும் சுற்றுலாத் தலங்களுக்குத் தொழில்நுட்பத்தால் உதவும் வேலைக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகள் சொல்வதாகவும், "சுற்றுலா படித்தால் ஓட்டல் வரவேற்பறைதானே" என்று உறவினர்கள் கேட்பது உங்களைக் கலங்க வைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே, ஆனால் அவர் கேட்பது வரவேற்பறை வேலை அன்று.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மலைமேல் பெய்த மழையால் அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுக்க, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அருவியடியில் நிற்பவருக்கு மேலே பெய்யும் மழை தெரியாது. மலையில் தானியங்கி மழைமானியும் ஓடையில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சாரும் இருந்து, அவை அனுப்பும் அளவைக் கொண்டு கீழே சைரன் ஒலித்தால், வெள்ளம் வந்து சேர்வதற்குள் மக்கள் கரையேறிவிடலாம். எவ்வளவு மழைக்கு எத்தனை நிமிடத்தில் வெள்ளம் இறங்கும் என்று கணக்கிடுவதும், வீணாக அடிக்கடி ஒலித்து மக்கள் சைரனையே பொருட்படுத்தாத நிலை வராமல் காப்பதும் முறையாகப் படித்தவர் செய்ய வேண்டிய பணி. உங்கள் மகள் கேட்பது இதைத்தான்.

இன்னோர் உதாரணம் சொல்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது; 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. சோதனைச்சாவடியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்பவரைத்தான் நாம் பார்க்கிறோம். தண்ணீர், சாலை, குப்பை, நிலச்சரிவு அபாயம் அனைத்தையும் எடைபோட்டு, மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய்பவர்கள் அதற்குப் பின்னால் தேவைப்படுகிறார்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நினைத்தால், கிழமையை மட்டும் பார்க்கும் வரம்பு போதாது, மழை முன்னறிவிப்பை ஒட்டி அது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, கவர்ச்சியான பெயர் சூட்டிய புதிய படிப்புகளை நாடாமல் அடிப்படையைப் பலப்படுத்தச் சொல்கிறேன். நிலம் சார்ந்த தரவுகளைக் கணினியில் திரட்டி ஆராயக் கற்பிக்கும், கிண்டி பொறியியல் கல்லூரியின் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்பு முதல் தெரிவாக இருக்கட்டும். அதற்குக் கட்-ஆஃப் போதாவிட்டால் புவியியலோ புள்ளியியலோ எடுத்துக்கொண்டு, ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடத் தொழில்நுட்பம், பைத்தான் என்னும் கணினி நிரல்மொழி இரண்டையும் கூடவே கற்கலாம். சுற்றுலா மேலாண்மையை முதுநிலையில் படித்தால் போதும். 'சுற்றுலா பருவநிலை வல்லுநர்' என்று வேலை விளம்பரம் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஜிஐஎஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட் என்ற பெயர்களில்தான் தேட வேண்டியிருக்கும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்த விடுமுறையிலேயே ஒன்று செய்யலாம். இத்தகைய வரைபடங்களைத் தயாரிக்க உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனமும் கட்டணமின்றி இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. உங்கள் வட்டத்தின் ஓடைகளையும் சாலைகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் பதிவதற்கு முன், மதிப்பெண் சான்றிதழோடு அந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஒருமுறை வாருங்கள்.