அத்தாவும் தம்பியும் ஒரே ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்க மாட்டார்களா?

வாசகர் கடிதம்

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு 36 வயது. எங்கள் அத்தா (அப்பா) வழிவழியாக மத்ஹபை, அதாவது முற்கால இமாம்கள் வகுத்த சட்ட வழியை, பின்பற்றுபவர். தம்பி கல்லூரியில் படிக்கும்போது, மத்ஹபை ஏற்காமல் குர்ஆனையும் ஹதீஸையும் மட்டும் பின்பற்றச் சொல்லும் தவ்ஹீத் ஜமாஅத்துக்குப் போகத் தொடங்கினான். தொழுகையில் விரலை அசைப்பது, ஆமீனைச் சத்தமாகச் சொல்வது, சுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் என்ற துஆ ஓதுவது என்று அவ்வப்போது வாக்குவாதம் வரும், போகும். போன ரமலானில் தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) எட்டு ரக்அத்தா இருபதா என்று ஆரம்பித்த பேச்சு, நபியைப் புகழ்ந்து ஓதும் மவ்லிதில் போய் நின்றது. "நீங்கள் செய்வது ஷிர்க் (இணைவைப்பு)" என்றான் தம்பி. "என் ஜனாஸாவுக்கு (இறுதித் தொழுகைக்கு) நீ வரக் கூடாது" என்றார் அத்தா. பிறை விஷயத்திலும் ஒத்துப்போகாமல் பெருநாளை ஆளுக்கொரு நாள் கொண்டாடினார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் இடையே ஸலாம்கூடக் கிடையாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருவரும் தத்தம் தரப்பு பயான்களை (மார்க்க உரைகளை) போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அத்தா தொழும் இமாமின் பின்னால் நின்று தொழ மாட்டேன் என்கிறான் தம்பி. மூன்று மாதத்தில் எங்கள் தங்கையின் நிக்காஹ். அம்மாவும் நானும் மாறி மாறித் தூது போகிறோம். என் பத்து வயது மகன், "மாமா முஸ்லிம் இல்லையா?" என்று கேட்கிறான். போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கமும் சரியில்லை. ஒரு நாள் இருவரையும் விருந்துக்கு அழைத்து, ஒரு ஆலிமை (மார்க்க அறிஞரை) வைத்துப் பேசித் தீர்த்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

ஆலோசகர் பதில்

வஅலைக்கும் ஸலாம், சகோதரி.

அந்த விருந்து இப்போது வேண்டாம். பகை முற்றிய இரண்டு பேரைச் சும்மா ஓரிடத்தில் கூட்டி வைத்தால் பெரும்பாலும் பகைதான் வளரும். 1954-இல் முசாபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆராய்ந்தார். சேர்ந்து சாப்பிட உட்கார வைத்தபோது அவர்கள் உணவை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய், இரு அணியும் கைகோத்தால்தான் சரிசெய்ய முடியும் என்ற நிலை வந்த பிறகுதான் பகை தணியத் தொடங்கியது. உங்கள் வீட்டுக்கு அப்படியொரு பொது வேலை தானாகவே வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆலிமை வைத்துப் பேசுவதும் இப்போது பலன் தராது. அவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும், மற்றவருக்கு அது விசாரணை மன்றமாகத்தான் படும். ஆதாரங்களை அடுக்கினால் மனம் மாறிவிடும் என்றால் இத்தனை பயான்களில் மாறியிருக்க வேண்டுமே. தம்பி "ஷிர்க்" என்றபோது, தான் தொழுத தொழுகையும் தன் பெற்றோர் வாழ்ந்த வாழ்வும் வீண் என்று சொன்னதாகவே அத்தா எடுத்துக்கொண்டிருப்பார். "ஜனாஸாவுக்கு வராதே" என்ற சொல்லில், நீ என் பிள்ளையே இல்லை என்பதுதான் தம்பியின் காதில் விழுந்திருக்கும். இந்தக் காயத்துக்கு ஹதீஸ் (நபிமொழி) எண் மருந்தாகாது.

விரலசைப்பு, ஆமீன், குனூத், ரக்அத் எண்ணிக்கை, பிறை இவையெல்லாம் மத்ஹபுகளின் இமாம்களே கருத்து வேறுபட்ட சட்ட விஷயங்கள். மவ்லிது அப்படியல்ல. தம்பிக்கு அது அகீதா (அடிப்படை நம்பிக்கை) சார்ந்தது, "சின்ன விஷயம்தானே" என்று அதைத் தள்ளினால் அவர் இன்னும் இறுகிப்போவார். அதில் கலந்துகொள்ளாமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால், ஒரு செயலைத் தவறென்று நம்புவது வேறு, அதைச் செய்பவர் மீது தீர்ப்புச் சொல்வது வேறு. சகோதரனை "காஃபிர்" (இறைமறுப்பாளர்) என்று அழைத்தால் அந்தச் சொல் இருவரில் ஒருவரிடம் திரும்பும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. 2005-இல் அம்மானில் சுமார் 50 நாடுகளைச் சேர்ந்த 200 அறிஞர்கள் கூடி, நான்கு சுன்னி மத்ஹபுகளோடு ஜஅஃபரி, ஸைதி, இபாதி, ளாஹிரி வழிகளைப் பின்பற்றுவோரும் முஸ்லிம்களே என்று அறிவித்தார்கள். ஸலஃபி சிந்தனையினரையும் காஃபிர் என்று தீர்ப்பளிக்கக் கூடாது என்றார்கள். அத்தா, தம்பி இருவருக்குமே பொருந்தும் அறிவிப்பு அது.

இமாம் பின்னால் தொழும் சிக்கலுக்கு நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் முன்மாதிரி இருக்கிறது. ஹஜ்ஜின்போது மினாவில் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள், பயணத்தில் இரண்டாகச் சுருக்கும் தொழுகையைச் சுருக்காமல் நான்கு ரக்அத் தொழ வைத்தபோது, நபி (ஸல்) அவர்களோடு இரண்டுதானே தொழுதேன் என்று அவர் வெளிப்படையாகவே மறுத்தார். ஆனாலும் கூட்டுத் தொழுகையில் சேர்ந்து நான்கே தொழுதார். ஏன் என்று கேட்டவர்களிடம், பிளவு தீமை என்றார் (அபூதாவூத்). தன் கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஸஃப்பையும் உடைக்கவில்லை. தம்பி ஹதீஸை மதிப்பவர் என்பதால் இது அவரைத் தொடும். ஆனால் வாக்குவாதத்தின் நடுவில் இதை எடுக்காதீர்கள். எடுத்தால் இதுவும் இன்னொரு கல்லாகிவிடும்.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதல் இரண்டு வாரம் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதை மட்டும் நிறுத்துங்கள். குடும்பக் குழுவில் பயான், மார்க்க விவாதம் இரண்டும் வேண்டாம் என்று பொதுவாக அறிவியுங்கள். யார் பெயரையும் குறிப்பிட வேண்டாம். மீறும் பதிவுக்கு யாரும் பதில் போடக் கூடாது. அம்மாவிடம் தனியாகப் பேசி, நீங்கள் இருவரும் தூது போவதை விட்டுவிடுங்கள். தூதில் சொல் மட்டும்தான் போகும், தொனி போகாது. கேட்பவர் தன் கோபத்தின் தொனியில்தான் அதைக் கேட்பார். தவிர்க்க முடியாமல் எதையாவது கொண்டுபோக நேர்ந்தால் நல்லதை மட்டும் கொண்டுபோங்கள். "தம்பி உங்கள் முழங்கால் வலியை விசாரித்தான்" என்பது போல, அவர் உண்மையிலேயே கேட்டிருந்தால். மக்களிடையே இணக்கம் உண்டாக்க நல்லதைச் சொல்பவர் பொய்யராக மாட்டார் என்ற நபிமொழி உண்டு. ஆனாலும் உங்கள் வீட்டில் கற்பனையாக எதையும் சேர்க்க வேண்டாம். பிறகு அம்பலமானால் இரு தரப்பும் உங்களை நம்பாது.

அடுத்த இரண்டு வாரத்தில் இருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள், தலா அரை மணி நேரம். அன்று என்ன சொல் அதிகம் வலித்தது, இந்த நிக்காஹில் எது நடக்காமல் போனால் நிம்மதி, மற்றவரிடமிருந்து எதிர்பார்க்கும் குறைந்தபட்ச மரியாதை என்ன என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். யார் பக்கம் நியாயம் என்று உங்களைக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்ன நொடியில் நீங்கள் நடுவர் இல்லை. "எனக்கு நீங்கள் இருவரும் வேண்டும்" என்பதோடு நிறுத்துங்கள்.

பிறகுதான் ஸலாம். மூன்று நாளுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்கக் கூடாது, இருவரில் சிறந்தவர் ஸலாமை முந்திச் சொல்பவரே என்ற ஹதீஸை இருவரும் ஏற்பார்கள். வயதில் இளையவர் என்பதால் தம்பியிடமே முதலில் கேளுங்கள். கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை, வாசலில் ஒரு ஸலாம், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். முதல் சில முறை அத்தா பதில் சொல்லாமல் போகலாம். இது முன்கூட்டியே தெரியாததால் பலர் முதல் மறுப்பிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு மாதமாவது தொடர வேண்டும் என்று தம்பியைத் தயார்ப்படுத்தி வையுங்கள்.

நேரடிப் பேச்சு இதற்குப் பிறகுதான், அதுவும் நிக்காஹ் பற்றி மட்டும். தாய்மாமா போல இருவரும் மதிக்கும், மேடைப் பேச்சாளர் அல்லாத ஒருவர் உடனிருக்கட்டும். நிக்காஹ் நிறைவேறத் தேவையான வலீ (மணமகளின் பொறுப்பாளர்), இரு சாட்சிகள், ஈஜாப்-கபூல் (இரு தரப்பு ஒப்புதல் சொற்கள்), மஹர் (மணக்கொடை) ஆகியவற்றில் உங்கள் வீட்டுச் சண்டை எதுவும் இல்லை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். தகராறு சுற்றிலும் உள்ள சடங்குகளில்தான் வரும். அவற்றைத் தாளில் எழுதி, வைத்துக்கொள்வது, விடுவது, தம்பி விரும்பாவிட்டால் அந்த நேரத்தில் வெளியே நிற்கலாம் என்பது என்று பிரித்துவிடுங்கள். தங்கையின் விருப்பத்தையும் கேளுங்கள். நிக்காஹ் அவருடையது, இந்தச் சண்டையில் அவரை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. முடிவானதும் பதிவு ஆவணங்கள், அழைப்புப் பட்டியல், மாப்பிள்ளை வீட்டாரோடு பேசுவது ஆகிய வேலைகளை அத்தாவும் தம்பியும் சேர்ந்தே செய்யும்படி பிரித்துக் கொடுங்கள். நான் சொன்ன பொது வேலை இதுதான்.

பேச்சில் குரல் உயர்ந்தால் 20 நிமிடமாவது நிறுத்துங்கள். கோபத்தில் இதயம் வேகமாகத் துடிக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது மனதில் ஏறாது, ஐந்து நிமிட இடைவெளியில் உடல் தணியாது. "ஷிர்க்", "வழிகேடு", "ஜனாஸா" ஆகிய சொற்கள் அந்த அறையில் வரக் கூடாது என்று முதலிலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மகனுக்கு இன்றே பதில் சொல்லுங்கள், இதைத் தள்ளிப்போடக் கூடாது. "மாமாவும் முஸ்லிம், தாத்தாவும் முஸ்லிம். தொழும் முறையில் சில இடங்களில் வித்தியாசம் இருக்கிறது. இருவரும் ஒரே கிப்லாவை நோக்கித்தான் தொழுகிறார்கள்." இவ்வளவு போதும். அவன் முன்னால் எந்தத் தரப்பையும் பட்டப்பெயர் வைத்துப் பேச வேண்டாம் என்று பெரியவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆவது வசனமே தடுக்கிறது. பத்து வயதில் கேட்ட ஏளனச் சொல்லைப் பிள்ளைகள் நீண்ட காலம் சுமப்பார்கள்.

உங்கள் படபடப்பு, இருவரின் கோபத்தையும் நீங்கள் ஒருவரே சுமப்பதன் விளைவாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் இந்த விஷயமாக யார் அழைத்தாலும் எடுக்காதீர்கள், காலையில் பேசலாம். தூது நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்குள் முழுச் சமாதானம் வராமல் போகலாம். ஸலாம் திரும்பி, நிக்காஹில் தம்பி அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவே பெரிய முன்னேற்றம். தராவீஹ் விவாதத்தை அடுத்த ரமலான் வரை யாரும் திறக்க வேண்டாம். ரமலான் வரும்போது யார் எங்கே தொழுவது, பிறையில் வேறுபட்டால் இரண்டு நாளுமே குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடலாமா என்பதை அதற்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.