மேட்டை விடாத தண்ணீர்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பெருந்துறை. கோவையில் முதுகலை படிக்கிறேன். ஆறும் ஓடைகளும் விரிந்து கிடக்கும் வடிவங்களை ஆழ்கற்றல் மூலம் வகைபிரிப்பதுதான் ஆய்வேடு. மரக்கிளை, ஆரம், செவ்வகம், இணைகோடு என்று கணினியைப் பழக்கியிருக்கிறேன். ஈரோட்டுப் பக்கத்தைக் கொடுத்தால் ‘இணைகோடு’ என்கிறது. வழிகாட்டி ‘மரக்கிளை’ என்கிறார். யார் சொல்வது சரி? கோடுகளை முடிச்சும் இணைப்புமாகப் பார்க்கும் கிராஃப் நியூரல் நெட்வொர்க்குக்கு மாறட்டுமா? இந்த வடிவங்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள கண்ணு,

பெயர் கிடக்கட்டும். நீங்கள் எழுதியதே புரிகிறது.

கோடுகளை எங்கிருந்து எடுத்தீர்கள்? அதை மட்டும் எழுதவில்லையே! வரைபடத்து நீலக்கோடுகளை அப்படியே அள்ளிப் போட்டிருப்பீர்கள். காவிரியை ஒட்டியே போகும் காலிங்கராயனும், தள்ளி மேட்டில் வரும் கீழ்பவானி வாய்க்காலும் உங்கள் கணக்கில் ஆறாகிவிட்டன. கணினி கண்டதைச் சொன்னது.

போன வாரம்தான் அப்பிச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, நினைத்துக்கொண்டிருந்தேன். லீவுக்குப் போனால் காலிங்கராயனில்தான் குளியல். “இந்த ஆறு எங்கெ பொறக்குது அப்பிச்சி?” என்றதற்கு நறுக்கென்று ஒரு குட்டு. “ஆறு பள்ளத்தெத் தேடிப் போகும். வாய்க்கா மேட்டெ உடாமப் புடிச்சுட்டுப் போகும். ரண்டும் ஒண்ணாடா?” குட்டிய இடத்தை அவரே தேய்த்தும் விட்டார்.

ஆற்றில் கிளைகள் வந்து சேரும். வாய்க்காலிலிருந்து பிரிந்து போகும். காலிங்கராயனுக்குப் பாம்பு வழிகாட்டியது என்பார்கள். பாம்போ மட்டம் பார்த்தவனோ, 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் அந்த வாய்க்கால் வளைந்து வளைந்து நொய்யல்வரை மேட்டை விடவில்லை. கீழ்பவானி 200 கிலோமீட்டர். குறுக்கே ஓடைப் பள்ளம் வந்தால் பல இடங்களில் மேலே வாய்க்கால், கீழே பள்ளம். படத்தில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும். கணினிக்கு அது கூடுதுறை. ஒரு சொட்டுகூடக் கலக்காத கூடுதுறை! கிராஃபுக்கு மாறினால் இன்னும் மோசம், அந்த இடத்தில் ஒரு முடிச்சையும் போட்டுவிடும்.

விண்ணோடம் 2000 பிப்ரவரியில் அளந்த உயரத் தரவிலிருந்து, ஒவ்வொரு கட்டத்து நீரும் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்த்துக் கோடுகளை எடுக்கலாம்தான். 30 மீட்டர் கட்டத்தில் வாய்க்கால் அநேகமாகக் கழிந்துவிடும். ஆனால் எத்தனை கட்டத்து நீர் சேர்ந்தால் ஓடை? அந்த எண்ணை வைப்பது நீங்கள். குறைத்தால் வரப்போரமெல்லாம் ஓடை, கூட்டினால் பள்ளங்களே காணாமல் போகும்.

வழிகாட்டி பாறையைப் பார்த்துச் சொல்கிறார். பாறை பெரிதாக மாறாத, சரிவும் குறைந்த நிலத்தில் ஓடைகள் மரக்கிளையாகத்தான் விரியும். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பெருந்துறையில் பிறந்துவிட்டு, வாய்க்காலை ஆறென்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்! தண்ணீர் விட்டிருக்கும்போது, கீழ்பவானி பள்ளத்தைத் தாண்டும் தொட்டிப்பாலம் ஒன்றின் அடியில் இறங்கி நின்று பாருங்கள். பிறகு வாய்க்கால்களைத் தனியே பிரித்து மறுபடி ஓட்டுங்கள். என்ன வருகிறதென்று எழுதுங்கள்.